தொடைக்குப் பின்னால இறங்குற வலி: சயாட்டிகா எங்க இருந்து வருது, எப்படி கண்டுபிடிக்கது

நம்ம ஊர்ல யாருக்காவது இடுப்புல தொடங்கி காலு வரைக்கும் வலி இறங்கிச்சுன்னா ஆளாளுக்கு ஒரு பேரு வச்சிருவாங்க. ஒருத்தர் வாயுன்னு சொல்லுவாரு, இன்னொருத்தர் நரம்பு பிடிச்சிருக்குன்னு சொல்லுவாரு, மெடிக்கல் ஷாப்ல போயி சொன்னா நாலு மாத்திரைய கவர்ல போட்டுத் தருவாங்க, வெளிநாட்டுல இருக்குத மகன் போன்ல கேட்டுட்டு ஒடனே எம்ஆர்ஐ எடுங்கம்பான். நான் கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம் பக்கம் பிசியோதெரபி பாக்குதவன். என்கிட்ட வருதவங்கள்ல பாதிப்பேரு கையில பெரிய ஸ்கேன் கவரோட வருவாங்க, ஆனா "வலி எந்த விரலுக்கு போவுது, உக்காந்தா கூடுதா நடந்தா கூடுதா"ன்னு கேட்டா யோசிச்சுத்தான் பதில் சொல்லுவாங்க. ஸ்கேனை விட அந்த பதில்தான் எனக்கு முக்கியம், அதனாலதான் இத எழுதுதேன்.

சயாட்டிகாங்குறது ஒரு அறிகுறி, அவ்வளவுதான். சயாட்டிக் நரம்புக்கு எங்கயோ ஒரு எடத்துல நெருக்கம் இருக்குன்னு அது சொல்லுது, எந்த எடம், எதனாலன்னு நாமதான் தேடணும். காரணத்த தேடாம எல்லாருக்கும் ஒரே மாத்திரை, ஒரே பெல்ட்டு, யூடியூப்ல பாத்த ஒரே எக்சர்சைஸ்னு போனா சிலருக்கு கேக்கும், சிலருக்கு கூடிரும், ஏன்னா ஒரு காரணத்துக்கு நல்லதா இருக்குற அசைவு இன்னொரு காரணத்துக்கு கெடுதல்.

நரம்பு போற வழி

மொதல்ல இந்த வழிய மனசுல வாங்கிக்கிடுங்க, மத்ததெல்லாம் தன்னால புரியும். முதுகெலும்போட அடிப்பகுதியில எல்4, எல்5ன்னு ரெண்டு, அதுக்கு கீழ எஸ்1, எஸ்2, எஸ்3ன்னு மூணு, மொத்தம் அஞ்சு வேர் சேந்துதான் இந்த நரம்பு உண்டாகுது. நம்ம உடம்புலயே தடிமனான நரம்பு இதுதான், ஒரு விரல் தடி இருக்கும். புட்டத்துக்கு உள்ள பிரிபார்மிஸ்னு ஒரு சின்ன தசை இருக்கு, பெரும்பாலானவங்களுக்கு அதுக்கு கீழ வழியா வெளிய வந்து, தொடைக்கு நடுப் பின்பக்கமா எறங்கி, முட்டுக்கு கொஞ்சம் மேல ரெண்டா பிரியும். ஒரு கிளை கெண்டைக்கால் வழியா உள்ளங்காலுக்கு போவும். இன்னொண்ணு முட்டுக்கு வெளிப்பக்கமா எலும்ப சுத்தி முன்னால வந்து பாதத்துக்கு மேல்பக்கம் போவும்.

இந்த வழியில எங்க நெருக்கம் வந்தாலும் வலி தெரியிறது கீழதான். அதனாலதான் காலுல வலிக்குன்னு காலையே தடவிக்கிட்டு இருக்காங்க, கோளாறு நடுவுல, அதாவது கீழ்முதுகுல இருக்கும். வெறும் நடுவலி மட்டும் இருந்து கீழ எறங்கலைன்னா அத சயாட்டிகான்னு சொல்லாண்டாம், அது வேற கணக்கு. உண்மையான சயாட்டிகால முதுகு வலியை விட கால்வலி மோசமா இருக்கும், பெரும்பாலும் முட்டத் தாண்டி கீழ போவும், சுள்ளுனு கரண்ட் அடிக்கும், இல்லன்னா எரியும், மரத்துப்போவும்.

டிஸ்க்தான் முதல் காரணம்

ரெண்டு முதுகெலும்புக்கு நடுவுல இருக்குற டிஸ்க்கை நம்ம வீட்டு கொழுக்கட்டைன்னு நெனச்சுக்கிடுங்க. வெளிய கெட்டியான தோலு, உள்ள இளகின பூரணம். முன்பக்கமா அமுக்குனா பூரணம் பின்பக்கம் தள்ளும், தோலு நைஞ்சிருந்தா பிதுங்கி வெளிய வரும். குனியும்போது டிஸ்க்குக்கு அதுதான் நடக்குது, குனிஞ்சு வெயிட்டும் தூக்கி கூடவே ஒரு பக்கமா திரும்புனோம்னா இன்னும் மோசம். பின்னால சரியா அந்த எடத்துலதான் நரம்பு வேர் போவுது. பத்துல ஒம்பது டிஸ்க் பிதுக்கம் கடைசி ரெண்டு எடத்துல, அதாவது எல்4-எல்5 நடுவுலயும் எல்5-எஸ்1 நடுவுலயும்தான் வருது, ஏன்னா நம்ம பாரம் முழுக்க வந்து எறங்குறதும் குனிஞ்சு நிமிர்றதும் அங்கதான்.

1934ல அமெரிக்காவுல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு டாக்டர்மாரு இப்படி டிஸ்க் பிதுங்கி நரம்ப அமுக்குறதுதான் பலருக்கு இந்த வலிக்கு காரணம்னு ஆப்பரேஷன் செஞ்சு பாத்து எழுதுனாங்க. அதுக்கு முன்னால உலகம் முழுக்கவே இதுக்கு காரணம் சரியா பிடிபடல, அதனால நம்ம பாட்டிமாரு வாயுன்னு சொன்னதுல குத்தம் ஒண்ணும் இல்ல.

இன்னொரு விஷயம், அமுக்குறது மட்டும் இல்ல, டிஸ்க்குக்கு உள்ள இருந்து வெளிய வர்ற அந்த பொருளு நரம்பு மேல பட்டாலே அங்க வீக்கமும் எரிச்சலும் உண்டாகும். சின்ன பிதுக்கத்துக்கு சிலருக்கு உயிர் போற வலி வருததும், பெரிய பிதுக்கம் இருந்தும் சிலரு சும்மா நடந்து திரியிறதும் இதனாலதான். அதே நேரத்துல ஒடம்பு அந்த வெளிய வந்த பொருள வேண்டாத சாமான்னு கண்டுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா கரைச்சும் விடும். பெருசா பிதுங்கி தனியா வந்ததுதான் சின்ன வீக்கத்தை விட நல்லா கரையும். ஸ்கேன் ரிப்போர்ட்ட பாத்து அழுதுக்கிட்டு வருதவங்ககிட்ட நான் மொதல்ல இதத்தான் சொல்லுதது.

டிஸ்க் வலிக்கு ஒரு குணம் உண்டு. முப்பதுல இருந்து அம்பது வயசுக்குள்ள அதிகம். குனிஞ்சா கூடும், ரொம்ப நேரம் உக்காந்தா கூடும், தும்முனா இருமுனா முக்குனா காலுக்கு சுள்ளுனு போவும், காலையில எழும்பின ஒடனே ரொம்ப மோசம் (ராத்திரி படுத்து கெடக்கும்போது டிஸ்க் தண்ணி உறிஞ்சி கொஞ்சம் உப்பியிருக்கும், அதனால காலையில எழும்பின ஒடனே குனிஞ்சு முற்றம் பெருக்காண்டாம், அர மணி நேரமாவது கழியட்டும்). நடந்தா, நின்னா கொஞ்சம் சுகமா இருக்கும்.

எந்த விரலு மரத்திருக்குன்னு பாருங்க

ஒரு பேப்பர்ல காலு படம் வரைஞ்சு வலி எங்க, மரமரப்பு எங்கன்னு கோடு போடுங்க, டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னால. அழகா வரையணும்னு இல்ல. எல்5 வேர் பாதிச்சா தொடைக்கு வெளிப்பக்கம், முழங்காலுக்கு கீழ வெளிப்பக்கம், பாதத்துக்கு மேல்பக்கம் வந்து பெருவிரல்ல முடியும். எஸ்1ன்னா தொடைக்கு நேர் பின்னால, கெண்டைக்கால், குதிங்கால், பாதத்துக்கு வெளி ஓரமா சுண்டுவிரலு. எல்4ன்னா தொடைக்கு முன்பக்கமா வந்து முட்டத் தாண்டி உள்பக்கமா கீழ எறங்கும். எல்லாருக்கும் இப்படி கோடு போட்ட மாதிரியே வராது, ஆனா மரத்துப்போற எடம் வலிய விட சரியா காட்டும்.

பெறவு பலத்தைப் பாக்கணும். சுவர பிடிச்சுக்கிட்டு குதிங்கால்ல மட்டும் பத்து எட்டு நடங்க, முன்பாதம் தூக்கி நிக்க மாட்டேங்குதுன்னா எல்5 அல்லது எல்4 சந்தேகம். பெறவு ஒரே கால்ல விரல் நுனியில எக்கி எக்கி நில்லுங்க, நல்ல காலுல பத்து தடவ முடியுது, வலி உள்ள காலுல ரெண்டு தடவையிலயே தளருதுன்னா எஸ்1. வீட்டுல செருப்பு அடிக்கடி கழந்து போவுது, நடக்கும்போது பாதம் தரையில உரசுதுன்னா அத சாதாரணமா விடாதீங்க.

கால் தூக்கிப் பாக்குத சோதனையும் உண்டு. மல்லாக்கப் படுங்க, முட்ட மடக்காம வேற ஒருத்தர் காலை மெதுவா தூக்கட்டும். முப்பதுல இருந்து எழுவது டிகிரிக்குள்ள தூக்கும்போது அந்த பழைய வலி முட்டுக்கு கீழ வரைக்கும் ஓடுச்சுன்னா நரம்பு வேர் இழுபடுதுன்னு அர்த்தம். தொடைக்கு பின்னால சும்மா இழுக்குதது எல்லாருக்கும் உள்ளதுதான், அத கணக்குல எடுக்காண்டாம். நல்ல காலை தூக்கும்போது வலி உள்ள காலுல சுள்ளுனா டிஸ்க்தான்னு கிட்டத்தட்ட உறுதியாவே சொல்லலாம். வலி தொடங்குன ஒடனே நிப்பாட்டிருங்க, வீரம் காட்டுத எடம் இல்ல.

வயசானவங்களுக்கு வேற கதை

அறுபது தாண்டின ஆளு ஒருத்தர், வடசேரி பஸ் ஸ்டாண்டுல எறங்கி மணிமேடைக்கு நடக்காரு, கொஞ்ச தூரம் போனதும் ரெண்டு காலும் கனக்கு, மரக்கு, நின்னா போவல, ஒரு திண்ணையில உக்காந்தா அஞ்சு நிமிஷத்துல சரியாவுது, மறுபடி நடக்காரு, மறுபடி அதே. இது முதுகெலும்புக்கு உள்ள நரம்பு போற குழாய் தேய்மானத்துல சுருங்குறது, ஸ்பைனல் ஸ்டெனோசிஸ்னு சொல்லுவாங்க. டிஸ்க்குக்கு நேர் எதிர் குணம். நிமிந்து நின்னா குழாய் இன்னும் இறுகும், குனிஞ்சா விரியும். அதனால இவங்க சைக்கிள் நல்லா மிதிப்பாங்க, கடையில தள்ளுவண்டிய பிடிச்சு குனிஞ்சுக்கிட்டு எவ்வளவு நேரமும் நடப்பாங்க. நம்ம மேற்கு பக்கம் குலசேகரம், அருமனை மாதிரி ஏத்தமும் எறக்கமுமா உள்ள ஊர்ல இன்னொரு அடையாளம் கேளுங்க: ஏத்தம் ஏறும்போது முன்னால சாஞ்சு ஏறுதோம், அப்ப இவங்களுக்கு பெரிய வலி இல்ல, எறக்கம் எறங்கும்போது முதுகு பின்னால வளையும், அப்பதான் வலி.

இத எதுக்கு இவ்வளவு விரிவா சொல்லுதேன்னா, காலுக்கு போற ரத்தக்குழாய் அடைச்சாலும் இதே மாதிரி நடந்தா வலிக்கும், பீடி சிகரெட்டு உள்ளவங்களுக்கும் சுகர் உள்ளவங்களுக்கும் அது அதிகம். அவங்களுக்கு ஏத்தம் ஏறுனாதான் கூடும், உக்காரவே வேண்டாம், சும்மா நின்னாலே ரெண்டு நிமிஷத்துல வலி போயிரும், பாதம் குளுந்து கெடக்கும். அது ரத்தக்குழாய் டாக்டர் பாக்க வேண்டிய காரியம், முதுகுக்கு வைத்தியம் பாத்து நாள கடத்துனா காலுக்கே ஆபத்து.

ஒரு முதுகெலும்பு இன்னொண்ணு மேல முன்பக்கமா வழுக்கி நகர்றதும் ஒரு காரணம், லிஸ்தெசிஸ்னு ரிப்போர்ட்டுல போட்டிருப்பாங்க. இதுலயும் பின்னால வளைஞ்சா வலி கூடும்.

முதுகுக்கு வெளிய உள்ள காரணங்கள்

பிரிபார்மிஸ் தசை இறுகி நரம்ப நெருக்குறது உண்டு, ஆனா யூடியூப்ல சொல்லுத அளவுக்கு அதிகம் இல்ல. புட்டத்துக்கு நடுவுல அமுக்குனா உயிர் போவும், ரொம்ப நேரம் ஒரே எடத்துல உக்காந்தா கூடும், நடு வலிக்கவே வலிக்காது. தடியா பர்ஸ பின் பாக்கெட்டுல வச்சுக்கிட்டு நாள் முழுக்க வண்டி ஓட்டுதவங்களுக்கும் இதே மாதிரி வரும், பர்ஸ முன் பாக்கெட்டுக்கு மாத்துனாலே பலருக்கு குறைஞ்சிரும், செலவில்லாத வைத்தியம்.

புட்டத்துல ஊசி போட்ட ஒடனே கால் வழியா மின்னல் அடிச்சு பெறவு பாதம் தளந்துச்சுன்னா ஊசி நரம்புல பட்டிருக்கலாம். புட்டத்துல ஊசி போடுறதுன்னா மேல வெளிப்பக்க மூலையிலதான் போடணும், குழந்தைகளுக்கும் மெலிஞ்சவங்களுக்கும் ரொம்ப கவனம் வேணும். சும்மா காய்ச்சலுக்கு கூட ஊசி போட்டாதான் கேக்கும்னு அடம்பிடிக்கிற பழக்கத்த நாம விடணும்.

சயாட்டிகா மாதிரியே ஏமாத்துறதும் நெறைய இருக்கு. சுகர்ல வர்ற எரிச்சல் ரெண்டு பாதத்துலயும் ஒண்ணுபோல விரல் நுனியில தொடங்கி மேல ஏறும், மேல இருந்து கீழ எறங்காது. மெட்பார்மின் ரொம்ப வருஷமா சாப்பிடுதவங்களுக்கு பி12 குறையும், அதுவும் மரமரப்பு தரும், ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சிரும். இடுப்பு மூட்டு தேய்ஞ்சிருந்தா வலி தொடையிடுக்குல இருக்கும், சம்மணம் போட முடியாது. அக்கி வருததுக்கு ரெண்டு மூணு நாளைக்கு முன்னால ஒரு பட்டை மாதிரி எரியும், பெறவுதான் கொப்பளம் வரும். கர்ப்பமா இருக்கும்போது வர்றது பெரும்பாலும் இடுப்பு இணைப்பு தளர்றதால, பிரசவத்துக்கு பெறவு தானா குறையும்.

இதெல்லாம் கண்டா அன்னைக்கே போகணும்

மூத்திரம் போக முட்டுது ஆனா வரல, இல்லன்னா போறதே தெரியல. உக்காருற எடம், தொடைக்கு உள்பக்கம், மறைவிடம் மரத்துப்போச்சு, கழுவும்போது உணர்ச்சியே இல்ல. ரெண்டு காலுலயும் ஒரே நேரம் வலி, பலக்குறைவு. இது நரம்புக் கொத்து மொத்தமா நசுங்குறது, காடா ஈக்வினான்னு சொல்லுவாங்க, அரிதுதான், ஆனா வந்தா மணிக்கணக்கு முக்கியம், ரெண்டு நாளுக்குள்ள ஆப்பரேஷன் பண்ணுனவங்களுக்குத்தான் மூத்திரக் கட்டுப்பாடு திரும்ப வர நல்ல வாய்ப்பு. ராத்திரியா இருந்தாலும் 108 கூப்பிட்டு ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ பக்கத்துல எலும்பு, நரம்பு ஆப்பரேஷன் பண்ணுத பெரிய ஆஸ்பத்திரிக்கோ போயிருங்க. பெண்கள் வெக்கப்பட்டு இத வீட்டுல கூட சொல்லாம ஒதுக்கி வைக்காங்க, தயவுசெஞ்சு அப்படி பண்ணாதீங்க, மகள்கிட்டயாவது மருமகள்கிட்டயாவது சொல்லிருங்க.

பாதம் தளர்றது நாளுக்கு நாள் கூடுதுன்னா அதுவும் அவசரம். காய்ச்சல், சாயங்காலம் குளிரு, எடை குறையிறது, பசி இல்லாததோட முதுகு வலின்னா முதுகெலும்பு காசநோயா இருக்கலாம், நம்ம நாட்டுல அது இன்னும் இருக்கு, மருந்து சாப்பிட்டா குணமாவும். முன்னால கேன்சர் வந்தவங்க, ஸ்டீராய்டு ரொம்ப நாள் சாப்பிட்டவங்க, விழுந்து அடிபட்ட வயசானவங்க, படுத்தாலும் குறையாத ராத்திரி வலி உள்ளவங்க, இவங்கெல்லாம் காத்திருக்காண்டாம்.

நம்ம ஊர் வேலையும் நடுவும்

ரப்பர் பால்வெட்டுதவங்கள எடுத்துக்கிடுங்க. வெளுக்கும் முன்னாலயே எழும்பி, டிஸ்க் உப்பி இருக்குற நேரத்துல, ஒவ்வொரு மரமா குனிஞ்சு, ஒரு பக்கமா திரும்பி வெட்டணும், அதுவும் முன்னூறு மரத்துக்கு மேல. ரப்பர் மரத்துல வெட்டு ஒரு ஆள் நெஞ்சு ஒசரத்துல தொடங்கி வருஷா வருஷம் கீழ எறங்கும், எறங்க எறங்க குனிவு கூடும். பால் எடுத்து வாளிய ஒரே கையில தூக்கிக்கிட்டு எறக்கத்துல எறங்கணும். அவங்களுக்கு நான் சொல்லுதது: எழும்பின ஒடனே தோட்டத்துக்கு ஓடாம கொஞ்சம் நடந்துட்டு போங்க. தாழ்ந்த வெட்டுக்கு நடுவ வளைக்காம ஒரு முட்ட மடக்கி எறங்குங்க, இல்லன்னா ஒரு காலை முன்னால வச்சு இடுப்புல இருந்து மடங்குங்க. இருவது மரத்துக்கு ஒருக்க ரெண்டு கையையும் நடுவுல வச்சு பின்னால வளைஞ்சு நிமிருங்க, அஞ்சு தடவ. வாளி ஒண்ணா தூக்காம சின்னதா ரெண்டு, ரெண்டு கையில.

அண்டி ஆபீஸ்ல (முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலை) அக்காமாரு நாள் முழுக்க தரையோட தரையா குத்தவச்சும் சின்ன பலகையில உக்காந்தும் அண்டி தல்லுதாங்க. இங்க ரெண்டு ஆபத்து. ஒண்ணு டிஸ்க். இன்னொண்ணு யாரும் சொல்லாதது, முட்டுக்கு வெளிப்பக்கம் எலும்ப சுத்தி போற அந்த கிளை குத்தவச்சே இருந்தா அங்கயே நசுங்கும், நடுவலி இல்லாம பாதம் மட்டும் தளந்து தூக்க முடியாம ஆகும். அத டிஸ்க்குன்னு நெனச்சு முதுகுக்கு ஸ்கேன் எடுத்துக்கிட்டு திரியுதவங்க உண்டு. அர மணிக்கு ஒருக்க எழும்பி நிக்கணும், முதலாளி திட்டுனாலும் தண்ணி குடிக்கன்னு சொல்லியாவது எழும்புங்க. உக்காருற பலகைய ஒரு சாண் ஒசத்துனா இடுப்பு முட்டுக்கு மேல வரும், நடு வளையாது. தோவாளையில பூ கட்டுதவங்களுக்கும் இதேதான்.

கடல்ல போறவங்களுக்கு வள்ளம் அலையில தூக்கிப்போட்டு விழும்போது அந்த அதிர்ச்சி நேரா கடைசி டிஸ்க்குலதான் எறங்கும். எழும்பி முட்ட லேசா மடக்கி நின்னா முட்டு வாங்கிக்கிடும். கரமடி வலை இழுக்கும்போது முதுகால இழுக்காம கயித்த இடுப்போட சேத்து வச்சு காலை பின்னால எடுத்து வச்சு ஒடம்பு பாரத்தால இழுக்கணும், பழைய ஆட்கள் அப்படித்தான் இழுப்பாங்க, சின்னப் பசங்க கைபலத்த காட்ட போயி மாட்டிக்கிடுவாங்க. ஐஸ் பெட்டிய தூக்கிக்கிட்டே திரும்பாண்டாம், தூக்கி நிமிந்து, காலை மாத்தி வச்சு திரும்புங்க.

பைக்குல தெனமும் நாகர்கோவில் போயிட்டு வர்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு, குழிய கண்டா சீட்டுல இருந்து லேசா எழும்புங்க.

வலி வந்தா முதல் ரெண்டு வாரம்

மேல சொன்ன அபாயம் ஒண்ணும் இல்லன்னா பயப்பட வேண்டாம். பெரும்பாலானவங்களுக்கு ஆறுல இருந்து பன்னெண்டு வாரத்துக்குள்ள நல்லா குறையும். படுத்தே கெடக்காதீங்க, ரொம்ப மோசமான முதல் ஒண்ணு ரெண்டு நாள் வேணும்னா படுக்கலாம், அதுக்கு மேல படுத்தா தசை தளந்து வலி நாள் கூடும். வீட்டுக்குள்ளயே அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்னு ஒரு நாளைக்கு பல தடவ நடங்க. ஒருச்சாஞ்சு படுத்து ரெண்டு முட்டுக்கும் நடுவுல தலையணை, மல்லாக்க படுத்தா முட்டுக்கு கீழ தலையணை. தரையில கையால தள்ளி எழும்பணும், ஒடனே நேரா உக்காராண்டாம். வெந்நி ஒத்தடம் சுகம் தரும், மரத்துப்போன எடத்துல சூடு தெரியாது, பொத்துப்போவும், கவனம்.

டிஸ்க் குணம் உள்ளவங்க (குனிஞ்சா கூடும், நடந்தா குறையும்) குப்புறப் படுத்து முழங்கைய ஊணி நெஞ்ச மட்டும் மெதுவா தூக்குங்க, இடுப்பு தரையிலயே இருக்கட்டும், பத்து தடவ, ஒரு நாளைக்கு நாலு அஞ்சு நேரம். இங்க ஒரு விஷயத்த ரொம்ப கவனமா பாருங்க: பண்ணப் பண்ண பாதத்துல இருந்த வலி கெண்டைக்காலுக்கு, பெறவு தொடைக்கு, பெறவு நடுவுக்குன்னு மேல ஏறிக்கிட்டே வந்துச்சுன்னா, நடுவலி கொஞ்சம் கூடுனா கூட அது நல்ல அடையாளம். மாறா வலி இன்னும் கீழ எறங்குச்சுன்னா ஒடனே நிப்பாட்டணும், அந்த அசைவு உங்களுக்கு ஆகாது. முதுகெலும்புக் குழாய் சுருக்கம் உள்ள வயசானவங்களுக்கு இது கூடாது, அவங்க மல்லாக்க படுத்து முட்ட நெஞ்சுக்கு கொண்டு வரணும், சைக்கிள் மிதிக்கலாம். டிஸ்க் ஆளு ஒருத்தர் அதே முட்டு மடக்குற எக்சர்சைஸ பண்ணுனா கூடிரும்.

மாத்திரை விஷயம். டைக்ளோபினாக், அசிக்ளோபினாக் மாதிரி வலி மாத்திரை சில நாளைக்கு டாக்டர் சொன்னா சரி, ஆனா சுகர், பிரஷர், கிட்னி, இதயம், அல்சர் உள்ளவங்க மெடிக்கல்ல சும்மா வாங்கி வாரக்கணக்கா முழுங்காதீங்க. நரம்பு மாத்திரைன்னு தர்ற பிரீகேபலினை 2017ல ஆஸ்திரேலியாவுல சயாட்டிகா உள்ளவங்களுக்கு குடுத்து சோதிச்சு பாத்ததுல மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட கூடுதல் பலன் இல்ல, தலைசுத்தல்தான் கூடுச்சு. உங்களுக்கு எழுதியிருந்தா திடீர்னு நிப்பாட்டாம எழுதுன டாக்டர்கிட்டயே கேளுங்க.

நம்ம மாவட்டம் வர்ம வைத்தியத்துக்கும் உழிச்சலுக்கும் பேர்போன மண்ணு, கோட்டாறுல அரசு ஆயுர்வேத மெடிக்கல் காலேஜும் இருக்கு, நான் அதெல்லாம் வேண்டாம்னு சொல்லமாட்டேன். எண்ணெய் தடவி மெதுவா உழிஞ்சு கிழி வச்சா தசை எளகும், வலி குறையும், தூக்கம் வரும். ஆனா சயாட்டிகா முத்தி இருக்கும்போது காலை பிடிச்சு இழுக்குதது, முதுகுல ஏறி மிதிக்கிறது, இடுப்ப சடக்குனு முறிச்சு விடுறது, இது மட்டும் யாரையும் செய்ய விடாதீங்க. பாதம் தளந்தவங்களுக்கும் எலும்பு தேஞ்சவங்களுக்கும் இதனால நெலம மோசமாகலாம். நல்ல ஆசான் உங்க காலு பலத்த பாக்காம கை வைக்க மாட்டாரு.

எம்ஆர்ஐ எப்ப, ஆப்பரேஷன் எப்ப

முதல் வாரமே எம்ஆர்ஐ தேவையில்ல. வலியே இல்லாதவங்கள ஸ்கேன் பண்ணி பாத்த ஆய்வுகள மொத்தமா சேத்து 2015ல வெளியிட்டாங்க: இருவது வயசுக்காரங்கள்ல 100க்கு 30 பேருக்கும், எம்பது வயசுக்காரங்கள்ல 84 பேருக்கும் டிஸ்க் வீக்கம் இருந்துச்சு, ஒரு வலியும் இல்லாம. அதனால ரிப்போர்ட்டுல டிஸ்க் பல்ஜ்னு போட்டிருந்தா அதுதான் உங்க வலிக்கு காரணம்னு ஆகாது, நீங்க பேப்பர்ல வரைஞ்ச கோடும் ஸ்கேன்ல உள்ள எடமும் பொருந்தணும். வலது காலு வலிக்கு ஸ்கேன்ல இடது பக்கம் பிதுக்கம்னா அது உங்க வலி இல்ல. அபாய அறிகுறி இருந்தாலோ, ஆறு வாரம் ஒழுங்கா பாத்தும் குறையலைன்னாலோ, ஊசியோ ஆப்பரேஷனோ யோசிக்கும்போதோதான் எம்ஆர்ஐ உதவும்.

ஆப்பரேஷன்னா ஒடனே காலு போயிரும், படுத்த படுக்கையாயிரும்னு ஒரு பேச்சு நம்ம பக்கம் இருக்கு, இப்ப உள்ள டிஸ்க் ஆப்பரேஷன் சின்ன துளை வழியா பண்ணுறது, பலரும் மறுநாளே நடப்பாங்க. 2007ல நெதர்லாந்துல கடுமையான சயாட்டிகா உள்ளவங்கள ரெண்டா பிரிச்சு ஒரு கூட்டத்துக்கு சீக்கிரமா ஆப்பரேஷன், இன்னொரு கூட்டத்துக்கு காத்திருந்து வைத்தியம்னு பாத்தாங்க. ஆப்பரேஷன் பண்ணுனவங்களுக்கு கால்வலி வேகமா குறைஞ்சுது, ஆனா ஒரு வருஷம் கழிச்சு பாக்கும்போது ரெண்டு கூட்டமும் கிட்டத்தட்ட ஒண்ணுபோலதான். காத்திருந்தவங்கள்ல பத்துல நாலு பேரு கிட்ட இடையில வலி தாங்காம ஆப்பரேஷனுக்கு போனதும் உண்டு. அதனால பாதம் தளரல, மூத்திரக் கோளாறு இல்லன்னா முடிவு உங்க கையில: வலிய தாங்க முடியுமா, எத்தன நாள் வேலைக்கு போகாம வீட்டுல இருக்க முடியும், தினக்கூலியா மாசச் சம்பளமா, இத எல்லாம் டாக்டர்கிட்ட வெளிப்படையா பேசுங்க.

வலி போன பெறவு வேலைக்கு திரும்பும்போது முதல் வாரம் பாதி மரம், பாதி பாரம்னு தொடங்குங்க. தும்மல் வரும்போது ஒரு கைய சுவர்லயோ மேசையிலயோ ஊணி நெஞ்ச நிமித்தி தும்முங்க, பலருக்கு வலி திரும்ப வர்றது அந்த ஒரு தும்மல்லதான்.